வளரும் கம்பெனியில் வேலை

பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. தொடங்கி மூன்று ஆண்டுதான் ஆகிறது. போன ஆண்டு அங்கே 40 பேர் வேலை செய்தார்கள். இப்போது 150 பேர். அங்கே ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவளுடைய அப்பா கட்டட மேஸ்திரி. வேலை உத்தரவை அவரே எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். ஆண்டுச் சம்பளம் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் என்று இருக்கிறது.

“அப்படியானால் மாதம் 40,000 ரூபாய்!” என்கிறார் அப்பா.

“இல்லைப்பா. கைக்கு வருவது 30,000 ரூபாய்தான்” என்கிறாள் மகள்.

மீதி எங்கே போகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40,000 ரூபாயில் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. கம்பெனிக்கு நல்ல வருமானம் வந்தால்தான் அது கிடைக்கும். பி.எஃப். பணமாகக் கம்பெனி கட்டுவது 1,800 ரூபாய். மகள் கட்டுவது 1,800 ரூபாய். பணிக்கொடைக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய். தொழில் வரி 200 ரூபாய். மொத்தம் 9,800 ரூபாய். இது போக மீதி 30,200 ரூபாய்.

பி.எஃப். பணம் வீண் போகாது. அது அவள் பெயரில் சேரும். பணிக்கொடை அப்படி அல்ல. நிரந்தர ஊழியர் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் அது கிடைக்கும். இத்தகைய கம்பெனிகளில் பலர் இரண்டு மூன்று ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

அப்படியானால் இந்த வேலை வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. சிறிய கம்பெனியில் ஆள் குறைவு. ஒருவரே பல வேலை பார்க்க வேண்டும். அதனால் தொழிலை விரைவாகக் கற்கலாம். பெரிய இடத்தில் பத்து ஆண்டில் வரும் பொறுப்பு இங்கே மூன்று ஆண்டில் வரலாம். ஆனால் வீட்டுக்கு வர இரவு பத்து மணியும் ஆகலாம்.

இன்ஃபோசிஸ் கம்பெனியும் ஒரு காலத்தில் சிறியதுதான். 1981ல் நாராயண மூர்த்தியும் இன்னும் 6 பேரும் புனேயில் அதைத் தொடங்கினார்கள். மூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாய்தான் முதல். 1993ல் பொதுமக்களுக்கு ஒரு பங்கை 95 ரூபாய்க்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு ஊழியர்களுக்கும் பங்கு தரத் தொடங்கினார்கள். அதை விற்காமல் வைத்திருந்த பலர் பணக்காரர் ஆனார்கள்.

எல்லாக் கம்பெனியும் இப்படி வளர்வதில்லை. பல புதிய கம்பெனிகளில் லாபம் வருவதில்லை. முதல் போட்டவர்களின் பணத்தில்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் நின்றால் முதலில் ஆட்களைத்தான் குறைப்பார்கள். பைஜூஸ் கம்பெனி செல்போன் வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது. 2011ல் பெங்களூரில் தொடங்கி மளமளவென்று வளர்ந்தது. 2022 அக்டோபரில் 2,500 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. 2024ல் மீதி இருந்தவர்களுக்குச் சம்பளம் தாமதமானது. அந்த ஆண்டு ஜூலையில் திவால் நடவடிக்கையும் தொடங்கியது.

இந்தப் பெண்ணுக்கும் பங்கு தருவதாக உத்தரவில் இருக்கிறது. அது நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடைக்காது. பங்குச் சந்தைக்கு வராத கம்பெனியின் பங்கை எளிதில் விற்கவும் முடியாது. ஆகவே அந்தப் பங்கை நம்பி வீட்டுக் கடன் வாங்குவது ஆபத்து. கைக்கு வரும் 30,200 ரூபாயில்தான் குடும்பச் செலவைத் திட்டமிட வேண்டும்.

உத்தரவில் இன்னும் ஓர் இடத்தைப் படிக்க வேண்டும். மகள் விலகுவதானால் 90 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. கம்பெனி அவளை நீக்கினால்? 30 நாள் என்று இருக்கிறது. இதை மாற்றித் தர முடியுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. வேலையில் சேர்ந்த பிறகு பி.எஃப். பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா என்று செல்போனிலேயே பார்க்கலாம். அதற்கு 12 இலக்க எண் ஒன்று தருவார்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம். கம்பெனியிடம் விட்டு வரக் கூடாது.

கேள்விகள்

1. ஊக்கத்தொகை 5,000 ரூபாயும் கிடைத்தால், அந்த மாதம் மகள் கைக்கு எவ்வளவு வரும்?

2. வேலை போனால் குடும்பம் மூன்று மாதம் சமாளிக்க எவ்வளவு பணம் வேண்டும்? உங்கள் வீட்டுச் செலவை எழுதிக் கணக்கிடுங்கள்.