ஹீட்டரில் குளிர்காற்றா? மலையேறும் முன் என்ஜினைப் பாருங்கள்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நேரம் இது. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கம் கார் வைத்திருப்பவர்களில் பலர் அடுத்த சில வாரங்களில் திருமலைக்கோ ஊட்டிக்கோ கிளம்புவார்கள். கிளம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கால் மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு, ஏ.சி.யை நிறுத்தி, வெப்பநிலைக் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்புங்கள். நல்ல சூடான காற்று வர வேண்டும். வரவில்லை என்றால், அதுவும் இந்த ஆண்டில் ஒருமுறையாவது ஹீட் ஆகி நின்ற வண்டி என்றால், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நம் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று பலர் அந்தக் குமிழை ஆண்டுக்கணக்கில் தொடுவதே இல்லை. ஆனால் ஹீட்டருக்கென்று தனியாக எதுவும் எரிவதில்லை. என்ஜினைச் சுற்றிச் சூடேறிய கூலன்ட்டில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன் மேல் பட்டு வரும் காற்றுதான் நமக்குச் சூடாகக் கிடைக்கிறது. பல கார்களில் அந்தச் சின்ன ரேடியேட்டர் உயரத்தில் இருப்பதால், கூலன்ட் குறைந்தால் முதலில் காய்ந்துபோவதும் அதுதான். ஹீட் ஆன வண்டியில் ஹீட்டர் குளிர்காற்று ஊதுகிறது என்றால், என்ஜினுக்குள்ளும் கூலன்ட் ஒழுங்காக ஓடவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓடும்போது வெப்பநிலை முள் மேலே ஏறி, ஹீட்டரில் குளிர்காற்றும் வந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். முள் திடீரென்று கீழே இறங்கினாலும் நம்பாதீர்கள். சென்சாரைச் சுற்றிக் கூலன்ட் இல்லாமல் வெறும் காற்று நின்றால் அது உண்மையான சூட்டைக் காட்டாது.

இந்தப் பகுதியில் வண்டி ஹீட் ஆவதற்குக் காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. ஜி.என்.டி. சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் நேரம், இரும்பு உருக்காலைகளின் தூசி, மழைவெள்ளத்தில் ரேடியேட்டர் இடுக்கில் அப்பிய சேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைப் போல ஒரு வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அந்தச் சேறு உள்ளுக்குள் இறுகிப் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய கெடுதல், ஹீட் ஆனதும் நாம் ஊற்றும் தண்ணீர். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. அந்த உப்பு போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், அலுமினியம் அரிக்கும், வாட்டர் பாடியின் (வாட்டர் பம்ப்) இறக்கைகள் தேயும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ரேடியேட்டரின், அதாவது ஹீட்டர் கோரின், குழாய்கள் மெல்லியவை. அடைப்பு அங்கேதான் சீக்கிரம் விழும். ஒழுகலை நிறுத்த மஞ்சள் தூள் போடும் பழைய வழக்கமும் அதே இடத்தில் போய் அடைக்கும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சோதனையைக் காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கூலன்ட் டப்பாவில் மட்டம் சரியாக இருந்தும் ரேடியேட்டர் காலியாக இருக்கலாம். குறைந்திருந்தால் கம்பெனி சொன்ன கூலன்ட்டை, தேவையானால் டிஸ்டில்டு வாட்டர் கலந்து நிரப்புங்கள். மூடியை இறுக்கி வண்டியைச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜினை அணைத்த பிறகு, பானட்டுக்குள் தடுப்புத் தகட்டைத் துளைத்துப் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் துணி சுற்றிய கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் நல்ல சூடு என்றால் கூலன்ட் வந்து போகிறது. கோளாறு டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் தகட்டிலோ கேபிளிலோ இருக்கும். பயப்பட வேண்டியதில்லை. ஒன்று சூடு, மற்றொன்று குளிர் என்றால் கோர் அடைப்பு அல்லது வால்வு சிக்கல். கோரைக் கழுவும்போது கம்ப்ரஸர் காற்றை வேகமாக விட அனுமதிக்காதீர்கள். குழாய் வெடித்தால் கூலன்ட் முன்சீட்டுக் கால்விரிப்பில் வந்து நிற்கும். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவு, ஏர் லாக், வாட்டர் பாடி, தெர்மோஸ்டாட் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

கோளாறு ஏர் லாக், அதாவது கூலன்ட் பாதையில் சிக்கிய காற்று என்றால், அதை வெளியேற்றினால் ஹீட்டர் சூடாகிவிடும். ஆனால் இரண்டு மூன்று நாளில் மறுபடி காற்றுப் பிடித்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். என்ஜினில் எரிந்த வாயு கசிந்து கூலன்ட்டுக்குள் புகுவதால்தான் காற்று திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகுவது, ரேடியேட்டரில் நிற்காமல் குமிழ் விடுவது, சைலன்சரில் ஓயாத வெள்ளைப் புகை, ஆயிலில் பால் கலந்த நிறம் ஆகியவை இதன் அறிகுறிகள். எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. எரிந்த வாயு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் திரவத்தை வைத்துச் சோதிக்கும் கருவி இருக்கிறது. அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கேஸ்கெட் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் லேத் பட்டறையில் ஃபேசிங் செய்த பிறகே புதுக் கேஸ்கெட் போட வேண்டும். வளைந்த ஹெட்டின் மேல் போட்ட கேஸ்கெட் நிற்காது.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டி விட்டுட்டேன் சார், இனிமே ஹீட் ஆகாது" என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஏற்காதீர்கள். பெரும்பாலான கார்களில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராது, எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், ஹீட்டரும் வெதுவெதுப்போடு நின்றுவிடும். ஹீட் ஆன உண்மையான காரணம் அப்படியே இருக்கும்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. சுமார் 1 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடி கசிந்தால் கதை வேறு. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜின் சாதாரணமாக ஓடும் சூடே ஏறக்குறைய அதுதான்.

ஹீட்டர் குளிருக்கு மட்டுமல்ல, கண்ணாடிக்கும் வேண்டும். எளாவூர், ஆரம்பாக்கம் பக்கம் விடியற்காலைப் பனியில் கண்ணாடியின் உள்பக்கம் மூடும்போது, ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரம் தெளியும். ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள் இதைப் போகிக்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. அன்று பனியோடு புகையும் சேரும்.

மலைப்பாதையில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். சூடான காற்று வந்தால் என்ஜினுக்குச் சற்று ஆறுதல், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தலாம். குளிர்காற்று வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குறைந்தது அரை மணி நேரம் கழித்து, ஹோஸ் நன்றாக ஆறியது தெரிந்த பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். வெந்த முகங்கள் எல்லாம் அவசரத்தில் மூடியைத் திறந்தவர்களுடையவைதான். கூலன்ட் எங்கே குறைகிறது என்று தெரியாத காரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். திருவள்ளூரிலிருந்து திருப்பதிக்கு ரயிலும் இருக்கிறது, பேருந்தும் இருக்கிறது.