எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றினால் சரியாகிவிடுமா?

பழைய சிந்தசைசர் ஒன்று கரகரத்தாலோ, அழுத்திய கட்டை ஊமையானாலோ, திறந்து பார்க்கும் முன்பே வைத்தியம் சொல்லிவிடுகிறார்கள்: ‘கெப்பாசிட்டர் எல்லாம் காய்ந்திருக்கும், மொத்தமாக மாற்றிவிடு.’ நாடி பார்க்காமல் ஊசி போடுகிற கதைதான். 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106-ஐப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஆறு குரல்கள் ஒலிக்கும் கருவி அது. ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்ற சிப் ஒன்று உண்டு. ஒலியை வடிகட்டுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் அதன் வேலை. அதன் மேல் பூசிய பிசின், காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. விளைவு: ஒரு குரல் மட்டும் வெடவெடக்கும், அல்லது செத்துப்போகும், அல்லது கையை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும். கருவியிலுள்ள கெப்பாசிட்டர் அத்தனையையும் மாற்றினாலும் இந்தக் கசிவு நிற்காது. ‘கீ டிரான்ஸ்போஸ்’ பொத்தானைப் பிடித்தபடி சுவிட்ச் போட்டால் சோதனை நிலை வரும். கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்த, ஒலிப்பது எத்தனையாவது குரல் என்று திரையே சொல்லிவிடும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அந்தச் சிப்பைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை உரித்தால் பல சமயம் உயிர் பிழைக்கும். இல்லையேல் புதிதாகத் தயாரிக்கப்படும் மாற்றுச் சிப் இருக்கிறது.

1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸில் நோய் வேறு. நினைவகத்துக்காக உள்ளே வைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, போர்டின் செப்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். இதை ‘பேட்டரி ஆசிட்’ என்பது இன்னொரு தவறு, வெளிவருவது காரம். அதனால்தான் வினிகர் தொட்டுத் துடைக்கிறார்கள். யமஹா டிஎக்ஸ்7 சேமித்த ஒலிகளை மறந்து உளறினால், பெரும்பாலும் உள்ளிருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவே.

‘நாற்பது வருடக் கெப்பாசிட்டர் காயாமலா இருக்கும்?’ என்று கேட்கலாம். நியாயம்தான். எலக்ட்ரோலிட்டிக் வகையில் உள்ளிருக்கும் திரவம் சூட்டில் வற்றும். பவர் சப்ளையில் வெப்பத்துக்குப் பக்கத்திலிருப்பவை முதலில் போகும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது மல்டிமீட்டர், வயது அல்ல. மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா, அதில் ஏசி அலை கலந்திருக்கிறதா என்று அளந்துவிட்டு அங்கே மாற்றுங்கள். பிலிம், செராமிக் வகைகளில் வற்றுவதற்கு ஈரமே கிடையாது. நூறு இடத்தில் சால்டரிங் இரும்பு வைத்தால் பழைய போர்டில் நாலு தடமாவது பெயர்ந்து வரும், ஒன்றிரண்டு கெப்பாசிட்டர் தலைகீழாக ஏறும். அதன்பிறகு எது பழைய கோளாறு, எது நாம் செய்தது என்று பிரிக்கவே முடியாது. பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் வடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.