படம் சாட்சி சொல்லுமா?

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்து, தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடை எழுதுக.

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தின் இடுபணிக்காகப் போர்க்காலப் படம் ஒன்றைத் தேடுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். இணையத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கிறது. தட்டையான கடற்கரை. கரையோரம் தரையிறங்கு படகு. முழங்காலளவு நீரில் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்தபடி வீரர்கள் நடந்து வருகின்றனர். படத்தின் கீழே, ‘மலாயாவில் கமாண்டோ படை தரையிறங்குகிறது, 1945’ என்று எழுதப்பட்டுள்ளது. இதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

விடை காண, முதலில் வரலாற்றை அறிய வேண்டும். 1942 ஜனவரியில் மலாக்கா ஜப்பானியரின் கைக்குச் சென்றது. மலாயாவை மீட்கப் பிரிட்டன் வகுத்த கடல்வழித் தாக்குதல் திட்டத்தின் பெயர் ஜிப்பர் நடவடிக்கை. திட்டம் நிறைவேறும் முன்பே, 1945 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. ஆயினும், அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் படைகள் இறங்கின. மலாக்காவிற்கு வடக்கே உள்ள போர்ட்டிக்சன் பகுதியும் இத்திட்டத்தில் அடங்கும். எதிர்ப்பு எதுவும் இல்லை. ஆனால், மோரிப்பின் இளகிய மணலிலும் சேற்றிலும் ஊர்திகள் பல புதைந்தன. போர் நடந்திருந்தால் பெருஞ்சேதம் ஏற்பட்டிருக்கும் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

சின்னமும் தொப்பியும்

மோரிப்பில் இறங்கியது 25ஆவது இந்திய டிவிஷன். இது 1942இல் தென்னிந்தியாவில் உருவாக்கப்பட்ட படைப்பிரிவு. இதன் தோள்பட்டைச் சின்னம் சீட்டுக்கட்டில் உள்ள இஸ்பேடு ஏஸ். 23ஆவது இந்திய டிவிஷனின் சின்னமோ சண்டைச் சேவல். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும். எனவே, படத்தைப் பெரிதாக்கித் தோள்பட்டையைப் பார்ப்பது ஆய்வாளரின் முதல் வேலை.

பிரிட்டிஷ் கமாண்டோ வீரர்களின் அடையாளம் பச்சைத் தொப்பி. இப்பகுதியில் போரிட்ட 3ஆவது கமாண்டோ பிரிகேட், 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில் அக்யாப், மியேபோன் ஆகிய இடங்களில் இறங்கியது. போர் முடிந்ததும் அது ஹாங்காங் சென்றது. ஆகவே, படத்தில் இருப்போர் இப்பிரிகேட்டின் வீரர்கள் என்றால், அந்தக் கரை மோரிப் அன்று, பர்மாவாக இருக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 25ஆவது டிவிஷனும் அதே ஜனவரியில் அரக்கானில் போரிட்டது. ஒரே சின்னம், இரு வேறு கரைகள்! சின்னம் ‘யார்’ என்பதைச் சொல்லும். ‘எங்கே’ என்பதைச் சொல்லாது.

நிழலும் குறிப்பும்

இடத்தை அறிய வேறு தடயங்கள் தேவை. மலாக்கா நீரிணையை நோக்கிய மோரிப்பில் காலைக் கதிரவன் நிலத்தின் பக்கம் எழும். மாலையில் கடலின் பக்கம் இறங்கும். காலையில் நிழல் கடலை நோக்கி விழும். நிழல் விழும் திசையைக் கொண்டு, படம் எடுத்த நேரத்தையும் குறிப்பில் உள்ள நேரத்தையும் ஒப்பிடலாம். கரையோர மரங்கள், சேறு, வானில் எழும் புகை ஆகியனவும் பேசும். குண்டுப்புகை சூழ்ந்த தாக்குதல் காட்சி, எதிர்ப்பே இல்லாத மோரிப்பில் எடுத்ததாக இருக்க முடியுமா?

எல்லாவற்றிலும் முக்கியமானது மூலக்குறிப்பு. பிரிட்டிஷ் இராணுவத்தின் திரைப்பட, நிழற்படப் பிரிவினர் படம் எடுத்தவுடன் நாள், இடம், படைப்பிரிவு ஆகியவற்றைத் தாளில் எழுதி அனுப்பினர். இப்படங்களுள் பெரும்பாலானவை இன்று இலண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. படத்தின் சேர்க்கை எண்ணைக் கண்டுபிடித்தால் மூலக்குறிப்பைத் தேடலாம். பலர் கைமாற்றிய இணையப் படத்தில் அந்த எண் தொலைந்து, புதுக்கதை ஒட்டிக்கொள்கிறது.

படத்தில் இல்லாதவர்கள்

மூலக்குறிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ‘பிரிட்டிஷ் படை’ என்ற இரு சொற்களுக்குள் எத்தனையோ இந்திய வீரர்களின் முகங்கள் மறைந்துபோகும். இராணுவக் கேமரா, இராணுவம் காட்ட விரும்பியதையே பெரும்பாலும் காட்டும்.

அந்தக் கடற்கரைக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. பஞ்சமும் பயமுமாக மூன்றரை ஆண்டுகளைக் கழித்த நம் மக்கள் அங்கே இருந்தனர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. படைகள் கரையேறிய நாளில், திரும்பாத கணவனுக்காகவும் மகனுக்காகவும் காத்திருந்த தோட்டத்துப் பெண்களை எந்தக் கேமரா தேடிப் போனது?

அந்த இடைவெளியை நிரப்பும் ஆவணங்கள் நம் வீடுகளில் இருக்கலாம். புக்கிட் பெருவாங் போன்ற ஊர்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் வேர் தோட்டத்தில் உள்ளது. பழைய தகரப்பெட்டியில் கிடக்கும் ஒரு படத்தின் பின்புறம், அதில் இருப்பவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். தாத்தா பாட்டி தம் பெற்றோரிடம் கேட்ட கதைகளைப் பதிவு செய்யுங்கள். சொன்னவர் யார், என்று சொன்னார் என்பதையும் குறியுங்கள். பெயர் எழுதாத படம், அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவருடைய படமாகிவிடும்.

அருஞ்சொற்பொருள்

நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடையே உள்ள குறுகிய கடல்
தடயம் – உண்மையைக் கண்டறிய உதவும் அடையாளம்
மூலக்குறிப்பு – படம் எடுத்தபோதே எழுதப்பட்ட விவரம்

கருத்துணர் வினாக்கள்

1. மோரிப்பில் படைகள் எதிர்ப்பின்றி இறங்கியதற்குக் காரணம் என்ன?
2. ‘சின்னம் “யார்” என்பதைச் சொல்லும், “எங்கே” என்பதைச் சொல்லாது.’ இக்கூற்றை விளக்குக.
3. இராணுவக் கேமராவில் பதிவாகாதவர்கள் யாவர்? அவர்களின் வரலாற்றை மீட்க நீ செய்யக்கூடிய இரண்டு செயல்களை எழுதுக.
4. உன் வீட்டில் உள்ள பழைய படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் காணும் தடயங்களைக் கொண்டு 80 சொற்களில் ஒரு குறிப்பு எழுதுக.