ஒரு பப்பாளி, இரண்டு வண்ணச் சரிவுகள்

மாணவர்களே, கணினியில் பழம் வரைந்து பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் தெரிந்திருக்கும். வட்டம் ஒன்றைப் போடுகிறோம். நடுவில் வெளிர் நிறமும் ஓரத்தில் அடர் நிறமும் கொடுக்கிறோம். ஆனால் உருண்டையான பழம் வருவதில்லை. நடுவில் விளக்கு எரியும் பலூன்தான் வருகிறது. பெரும்பாலும் இது நிறத்தேர்வில் உள்ள குறை அன்று. ஒரு வளைந்த பரப்பின்மீது ஒளி எப்படிக் குறைகிறது என்ற கணக்கைக் கணினிக்குச் சொல்லாமல் விட்டதுதான் காரணம். அந்தக் கணக்கை இந்த வாரம் ஒரு பப்பாளியை வரைந்தே கற்றுக்கொள்வோம்.

ஏன் பப்பாளி?

ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்துள்ள செர்டாங்கில் மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் உள்ளது. கடைகளில் நாம் வாங்கும் எக்சோத்திகா பப்பாளி அந்தக் கழகம் உருவாக்கியது. ஹவாயின் ‘சன்ரைஸ் சோலோ’ வகையையும் உள்நாட்டு ‘சுபாங் 6’ வகையையும் கலப்பினம் செய்து, 1987இல் அதை வெளியிட்டார்கள்.

பப்பாளி தன் பழுப்பு நிலையைத் தோலிலேயே காட்டுகிறது. பழுக்கத் தொடங்கும்போது பச்சையம் சிதைகிறது. கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறமிகள் தெரியத் தொடங்குகின்றன. மஞ்சள் முதலில் காம்புக்கு எதிரே உள்ள நுனியில் கீற்றாகத் தோன்றி, பிறகு காம்பை நோக்கிப் பரவுகிறது. தொலைவிலுள்ள சந்தைக்குப் போகும் பழத்தை அந்தக் கீற்று தெரிந்தவுடனேயே பறிக்க வேண்டும்.

ஆகவே பப்பாளியின் மேல் இரண்டு வண்ணச் சரிவுகள் இருக்கின்றன. ஒன்று பழத்துக்குச் சொந்தமானது: பச்சையிலிருந்து மஞ்சள். மற்றொன்று ஒளிக்குச் சொந்தமானது: வெளிச்சத்திலிருந்து நிழல். இரண்டையும் குழப்பினால் படம் பொய் சொல்லும். நிழலுக்காகப் பூசிய அடர்பச்சையைப் பார்ப்பவர், ‘இது இன்னும் காய்’ என்று நினைப்பார். நிழலுக்குக் கறுப்பைத் திட்டாக அப்பினால், பப்பாளியைத் தாக்கும் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் புள்ளி என்று நினைக்கவும் இடமுண்டு.

பழத்தை உள்ளபடி வரையும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் பதவியில் இருந்த வில்லியம் ஃபார்குவார், சீன ஓவியர்களைக் கொண்டு இவ்வட்டாரத்தின் செடிகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். அவற்றில் 477 நீர்வண்ண ஓவியங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் உள்ளன. அந்த ஓவியர்கள் தூரிகையால் செய்த வேலையை நாம் சுட்டியால் செய்யப் போகிறோம்.

வெக்டர் படம் என்றால் என்ன?

கைப்பேசியில் எடுத்த புகைப்படம் சிறுசிறு வண்ணக் கட்டங்களால் ஆனது. பெரிதாக்கினால் கட்டங்கள் தெரியும். வெக்டர் படமோ வளைகோடுகளின் சமன்பாடுகளாகச் சேமிக்கப்படுகிறது. அஞ்சல்தலை அளவிலும் பதாகை அளவிலும் அதன் கூர்மை மாறாது. இந்த வளைகோடுகளுக்கு ‘பெசியே வளைகோடு’ என்று பெயர். பிரான்சின் ரெனோ கார் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பியேர் பெசியே, கார் உடற்பகுதிகளை வடிவமைக்க இவற்றைப் பயன்படுத்திப் பரப்பினார்.

இந்தப் பாடத்துக்கு இங்க்ஸ்கேப் மென்பொருள் போதும். 2003இல் தொடங்கப்பட்ட இதை யாரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

ஒளியின் கணக்கு

1760இல் யோகான் ஹைன்ரிஷ் லாம்பர்ட் என்ற அறிஞர் ஒரு விதியை வெளியிட்டார். பளபளப்பில்லாத ஒரு பரப்பின் வெளிச்சம், ஒளி வரும் திசைக்கும் அந்தப் பரப்பின் செங்குத்துக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைனைப் பொறுத்தது. ஒளி நேராக விழுந்தால் வெளிச்சம் முழுமை. சாயச் சாய அதே ஒளி அதிகப் பரப்பில் பரவி மங்குகிறது.

இதை ஒரு பந்தில் பொருத்துவோம். விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பந்து உங்கள் எதிரே இருக்கிறது. பந்தின் ஆரம் 100 மி.மீ. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் செல்வோம்:

நடுவில் கோணம் 0 பாகை, வெளிச்சம் 100 விழுக்காடு.
50 மி.மீ. தூரத்தில் 30 பாகை, 87 விழுக்காடு.
87 மி.மீ. தூரத்தில் 60 பாகை, 50 விழுக்காடு.
97 மி.மீ. தூரத்தில் 75 பாகை, 26 விழுக்காடு.
100 மி.மீ. தூரத்தில், அதாவது விளிம்பில், 90 பாகை, 0 விழுக்காடு.

பாதித் தூரம் சென்ற பிறகும் வெளிச்சம் 13 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது. கடைசி 13 மி.மீ. தூரத்தில் மீதமுள்ள பாதி வெளிச்சமும் போய்விடுகிறது. மென்பொருள் தானாகத் தரும் வண்ணச் சரிவில் இரண்டே நிறங்கள் உண்டு. அது நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராகக் குறையும். அதனால்தான் பழத்துக்குப் பதில் பலூன் கிடைக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரையில் முழு வெள்ளையின் எண் 255. பாதி வெளிச்சத்துக்கு 128 என்று தோன்றும். உண்மையில் அது ஏறக்குறைய 188. நம் கண் இருண்ட பகுதியில் சிறு வேறுபாட்டையும் நுட்பமாக உணர்வதால், அந்தப் பகுதிக்கு அதிக எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இதே முறையில் 87 விழுக்காட்டுக்கு 240 என்றும், 26 விழுக்காட்டுக்கு 139 என்றும் கிடைக்கும்.

இப்போது வரைவோம்

படி 1: உருவம். பென் கருவியால் மேலே, கீழே, இடம், வலம் என நான்கு புள்ளிகள் வைத்துப் பப்பாளியின் உருவத்தை வளைகோடாக வரையுங்கள். புள்ளிகள் கூடினால் தோல் மேடுபள்ளமாகும். வெளிக்கோட்டின் நிறத்தை நீக்கிவிடுங்கள். உண்மைப் பழத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு கிடையாது.

படி 2: பழத்தின் நிறம். கிரேடியண்ட் கருவியில் நேர்கோட்டு வகையைத் தேர்ந்து, நுனியிலிருந்து காம்பு வரை இழுங்கள். நுனிக்கு மஞ்சள் (சிவப்பு 240, பச்சை 176, நீலம் 48), காம்புக்குப் பச்சை (84, 128, 52). சரிவுக் கோட்டின் நடுவில் இருமுறை சொடுக்கினால் புதிய நிறுத்தம் உருவாகும். அதற்கு மஞ்சள்பச்சை (180, 170, 56) கொடுங்கள். பப்பாளிக்கு மெல்லிய ஐந்து வரம்புகள் உண்டு. ஆகவே நீண்ட மஞ்சள் கீற்றுகள் இரண்டு மூன்றை வரைந்து, புளர் அளவைக் கூட்டி மென்மையாக்குங்கள். முதல் உருவத்தின் நகலைக் கீற்றுகளுக்கு மேல் வைத்து, கிளிப் கட்டளையால் வெளியே வழிவதை வெட்டுங்கள்.

படி 3: ஒளி. முதல் உருவத்தை இன்னொரு நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அதற்கு வட்டவகைச் சரிவு கொடுங்கள். நடுப்புள்ளியை இடப்பக்க மேற்பகுதிக்கு நகர்த்துங்கள். கைப்பிடிகள் இரண்டையும் வெவ்வேறு நீளத்துக்கு இழுத்து, சரிவு பழம் முழுவதையும் மூடும் நீள்வட்டமாக்குங்கள். இப்போது நம் கணக்கு உதவும். நிறுத்தங்களின் ஆஃப்செட் அளவும் சாம்பல் எண்ணும் இப்படி அமையட்டும்: 0-க்கு 255; 0.50-க்கு 240; 0.87-க்கு 188, 0.97-க்கு 139, 1-க்கு 100. விளிம்பில் எண்ணை 0 ஆக்க வேண்டாம். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒளி நிழலையும் கொஞ்சம் வெளிச்சமாக்கும்.

இந்த நகலின் கலப்பு முறையை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். அது மேலே உள்ள சாம்பலைக் கீழே உள்ள நிறத்தோடு பெருக்குகிறது. மஞ்சள் இருண்ட மஞ்சளாகிறது. பச்சை இருண்ட பச்சையாகிறது. தோலின் நிறம் நிழலிலும் அழிவதில்லை. ஒளி பக்கவாட்டில் இருப்பதாலும் பப்பாளி முழு உருண்டை அன்று என்பதாலும், மேற்கண்ட எண்கள் தொடக்கம் மட்டுமே. பழத்தைப் பார்த்துச் சற்றே கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

படி 4: மினுமினுப்பு. ஹனோயில் பிறந்த புய் துவோங் ஃபோங், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். 1975இல் வெளியான அவருடைய முறை, ஒரு பொருளின் தோற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது: சுற்றுப்புற ஒளி, பரவிய ஒளி, கண்ணாடிபோல் தெறிக்கும் ஒளி. முதலிரண்டையும் முடித்துவிட்டோம். மூன்றாவது ஒளி தோலுக்குள் நுழையாமலே திரும்புவதால், பழத்தின் நிறத்தை அல்லாமல் விளக்கின் நிறத்தைக் காட்டுகிறது. வெள்ளை நீள்வட்டம் ஒன்றை ஒளி மிகுந்த இடத்தில் வைத்து, புளர் கொடுத்து, பாதி ஒளிபுகுமாறு செய்யுங்கள். தக்காளிக்கு இது சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்கும்; பப்பாளிக்கு அகன்று மங்கலாக இருக்கும்.

படி 5: தரையில் விழும் நிழல். பழம் மேசையைத் தொடும் இடத்தில் ஒடுங்கிய அடர்நிழல், அதைச் சுற்றி அகன்ற மென்னிழல் என இரண்டு நீள்வட்டங்களைப் பழத்துக்குக் கீழே வையுங்கள். அடர்நிழல் இல்லாவிட்டால் பழம் காற்றில் மிதக்கும்.

சரிபார்க்கும் முறை

ஒளி நகலையும் மினுமினுப்பையும் சற்று நேரம் மறைத்துவிடுங்கள். படம் தட்டையாகும், ஆனால் பழம் எவ்வளவு பழுத்தது என்று இப்போதும் சொல்ல முடிய வேண்டும். அடுத்து, ஒளி நகலை மட்டும் விட்டு மற்றவற்றை மறையுங்கள். நிறம் போய்விடும், ஆனால் உருண்டை வடிவம் தெரிய வேண்டும். இரண்டிலும் தேறினால் உங்கள் படம் பழத்தைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் உண்மையைச் சொல்கிறது.

செய்து பாருங்கள்

வரைந்த பப்பாளியை மூன்று நகல்கள் எடுங்கள். படி 2-இல் அமைத்த நிறச் சரிவையும் கீற்றுகளையும் மட்டும் மாற்றி, முதல் படத்தில் நுனியில் ஒரு மஞ்சள் கீற்று, இரண்டாவதில் பாதி மஞ்சள், மூன்றாவதில் முழு மஞ்சள் என அமையுங்கள். ஒளி நகலைத் தொடாதீர்கள். மூன்று படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதால், அவற்றுக்கிடையே தெரியும் வேறுபாடு முழுவதும் பழுப்பின் வேறுபாடே. அறிவியல் பாட ஒப்படைப்புக்கு ஒரு பழுப்பு நிலை அட்டவணை தயார். வீட்டில் ஒரு பப்பாளி வாங்கினால், அதைச் சன்னலோரம் வைத்து அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.