வீட்டுத் தோட்டத்திற்கேற்ற கனிப்புதர்கள்

அயோத்தியாப்பட்டணத்தில் நின்று வடக்கே நோக்குவோர்க்குச் சேர்வராயன் மலை கண்ணெதிரே தோன்றும். 1820-ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அம்மலைமீது ஏற்காட்டில் காப்பியையும், பேரி முதலிய குளிர்நாட்டுப் பழமரங்களையும் பயிராக்கினார். பேரி அங்கு இன்றும் காய்க்கின்றது. மலைமேல் விளைவது அடிவாரத்திலுள்ள நம் கொல்லையிலும் விளையாதோ என்னும் ஆவல் தோட்டப் பிரியர்களுக்கு உண்டாவது இயல்பே. இக்காலத்தில் அவ்வாவல் புளூபெர்ரி, ராஸ்பெர்ரி போன்ற மேனாட்டுக் கனிப்புதர்களின்மேல் சென்றிருக்கின்றது. நாற்றொன்றுக்கு நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்துத் தருவிப்பவர்கள், பணம் கொடுக்குமுன் அச்செடிகளின் தன்மையைச் சற்று ஆராய்தல் நலம்.

குளிர்நாட்டுப் புதர்கள் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இயல்பின. அவ்வுறக்கம் நிறைவுற்றாலன்றி அவற்றின் மொட்டுக்கள் சீராக விரியா. உயர்வகைப் புளூபெர்ரிக்கு 7 டிகிரி செண்டிகிரேடுக்குக் குறைந்த குளிர் ஏறக்குறைய 800 முதல் 1000 மணி நேரம் வேண்டும். வெப்பப் பகுதிகளுக்கென உண்டாக்கப்பட்ட இரகங்களில் பலவற்றுக்குங்கூட இருநூறு, முந்நூறு மணி நேரம் வேண்டியிருக்கின்றது. சேலத்துச் சமவெளியில் மார்கழி இரவிலும் அத்தகைய குளிர் கிடையாது. அன்றியும், புளூபெர்ரிக்கு அமில கார நிலை 4.5 முதல் 5.5 வரையுள்ள புளித்த மண் இன்றியமையாதது. நம் பக்கத்துச் செம்மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்துள்ளது. கிணற்று நீரும் பெரும்பாலும் அத்தகையதே. இந்நிலையில் செடி சில மாதம் உயிருடனிருந்து, இலை வெளிறி, சித்திரை வெயிலில் மடிவதே வழக்கம். உதகமண்டலத்திலோ கொடைக்கானலிலோ வசிப்போர் முயன்று பார்க்கலாம். அங்குங்கூட, தானே முளைக்கும் தவிட்டுப்பழமும் மஞ்சள் நிற மலை ராஸ்பெர்ரியும் இருக்க, வெளிநாட்டு நாற்றைத் தேடுவது எமக்கு உவப்பாயில்லை.

நம் சமவெளிக்குரிய கனிப்புதர் களாவேயாம். கிளா என்றும் வழங்குவர். குளிரைத் தாங்கும் செடியை நாடுவோர், இங்கு தாங்கவேண்டுவது வறட்சியையே என்பதை மறத்தலாகாது. அதில் களாவுக்கு நிகரான பழச்செடிகள் சிலவே. முன்னாளில் வேலியோரங்களிலும் கரட்டு நிலங்களிலும் தாராளமாயிருந்த இப்புதர், முள்வேலிக்குப் பதில் கம்பியும் மதிற்சுவரும் வரவே, பல ஊர்களில் அருகிவிட்டது. ஆதலின் முதலில் அதைத் தேடிக் காணல் வேண்டும்.

களாவின் இலைகள் எதிரெதிராக அமைந்து தடித்துப் பளபளப்பாயிருக்கும். கணுக்களில் இரட்டை முட்கள் உண்டு. பூ வெண்மையாய், மல்லிகை போன்று மணக்கும். கிள்ளினால் பால் வடியும். இது அரளியின் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால் ஓர் எச்சரிக்கை கூறவேண்டியிருக்கின்றது. வேலிகளில் வளர்க்கப்படும் மஞ்சளரளிக்கும் பாலுண்டு. அதன் காயோ கொடிய நஞ்சு. அதற்கு முள்ளில்லை, இலை குறுகி நீண்டது, பூ மஞ்சள். இவ்வேறுபாட்டைக் குழந்தைகளுக்கு நேரில் காட்டிக் கற்பித்தபின்னரே வேலிப் பழங்களைப் பறிக்க விடவேண்டும்.

நல்ல புதரைக் கண்டவர்கள் அதை வேரோடு பெயர்த்தல் கூடாது. பெயர்த்தவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. காப்புக் காடாயின் அது குற்றமுமாகும். ஆனி, ஆடி மாதங்களில் கறுத்துக் கனிந்த பழங்களைக் கொணர்ந்து, விதைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சில நாட்களுக்குள்ளேயே விதைத்துவிட வேண்டும். விதையின் முளைப்புத்திறன் விரைவில் குன்றிவிடுமாதலால் அடுத்த பருவத்திற்கென்று சேமித்து வைப்பது வீண். நாற்றை ஓராண்டு தொட்டியில் வளர்த்து, மறு ஆண்டு ஆடி மழையில் நடலாம். பழத்தின் உருவிலும் சுவையிலும் விதைச்செடிகள் ஒன்றுபோல் இரா. ஒரே வகை வேண்டுவோர் மழைக்காலத்தில் விண்பதியம் இடலாம். அல்லது பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தார் தேர்ந்தெடுத்த பந்த் மனோகர், பந்த் சுதர்சன் முதலிய இரகங்களைத் தருவிக்கலாம்.

வேலிக்காயின் 3 அடிக்கு ஒரு செடி போதும். 60 அடி நீள வேலிக்கு இருபது செடிகளாகும். குழிக்கு ஒரு கூடை மட்கிய எரு இட்டு, முதலிரண்டு கோடையில் மட்டும் நீர் வார்த்துவந்தால், பின்னர் மழையே போதுமானது. மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கத் தொடங்கும். தனித்து நட்டு நன்கு பேணிய புதரொன்று 3 முதல் 5 கிலோ வரை தரும். நெருங்கிய வேலியில் அவ்வளவு எதிர்பார்க்கலாகாது.

களா காய்ப்பதில்லை என்று குறைகூறுவோரில் பலர், வேலியைப் பொங்கலையொட்டி வெட்டி ஒழுங்கு செய்பவர்களே. பூங்கொத்து கிளை நுனியில் தோன்றுவது. தை, மாசியில் நுனியைக் கத்தரித்தால் அவ்வாண்டின் பூவையே கத்தரித்ததாகும். பழம் பறித்து முடிந்தவுடன் ஆவணியில் கத்தரித்துவிட்டு, பின் கத்தரியை எடுத்து வைத்துவிட வேண்டும்.

பச்சைக் காயை இரண்டாக அரிந்து உப்பு நீரில் ஊறவைத்தால் பால் நீங்கும். பின்னர் ஊறுகாய்க்கு எலுமிச்சைக்குக் குறைந்ததன்று. அரைப்பழத்தில் பெக்டின் மிகுதியாதலால் ஜாம் தானாகவே இறுகும். ரொட்டிக் கடைகளில் கேக்கின்மீது வைக்கப்படும் சிவந்த 'செர்ரி'யும் பல இடங்களில் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகிலிட்ட களாக்காயேயாம். அயல்நாட்டுப் பழமென்று விலைகொடுத்து உண்பவர் இதனை அறியார்.

முள்ளை விரும்பாதோர்க்குப் பால்ஸா உகந்தது. வடநாட்டில் கோடைச் சர்பத்துக்குப் பெயர்பெற்ற இப்புதர் நம் வெயிலையும் தாங்கும். புதுத் தளிர்க்கிளையிலேயே காய்ப்பதால், களாவுக்கு மாறாக, இதை மார்கழியில் தரையிலிருந்து 3 அடி உயரத்திற்கு வெட்டிவிடல் வேண்டும். பழம் ஓரிரு நாளுக்குமேல் நில்லாது. சந்தைக்கு உதவாத இக்குணமே வீட்டுக் கொல்லைக்கு அதை ஏற்றதாக்குகின்றது. முசுக்கட்டை என்னும் மல்பெரியைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. பட்டுப்புழு வளர்ப்போர் கவாத்துச் செய்யுங்கால் கழிக்கும் குச்சிகளில், பென்சில் பருமனும் மூன்று நான்கு கணுக்களும் உள்ளவற்றைக் கேட்டுப் பெற்று, ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விடும்.