விட்டதைப் பிடிக்கணும்னு தோணுதா? போனைக் கீழே வையுங்க!

செஞ்சி, மேல்மலையனூர், அவலூர்பேட்டை வட்டாரத்தில் பாரதக் கூத்து பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அதில் சூது துகில் நடக்கும் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். தருமர் முதல் ஆட்டத்தில் தோற்றதும் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. செல்வம் போனது, நாடு போனது, தம்பிகள் போனார்கள், தன்னையே வைத்துத் தோற்றார், கடைசியில் திரௌபதியையும் வைத்தார். இன்னொன்றையும் கவனியுங்கள். வியாசர் சொல்லும் கதையில், இழந்ததையெல்லாம் திருதராஷ்டிரன் திருப்பிக் கொடுத்த பிறகும், மறுபடி கூப்பிட்டதும் தருமர் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் காட்டு வாழ்க்கை.

"இந்த ஒரு ஆட்டம் ஜெயிச்சா போதும், விட்டதை எல்லாம் பிடிச்சுடலாம்." இந்த நினைப்பு இப்போது கையில் இருக்கும் போனுக்குள் வந்துவிட்டது. ஆன்லைன் போக்கர் ஆடத் தொடங்கித் தொடர்ந்து தோற்பவர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பாடம்.

ஒரு எடுத்துக்காட்டு

அவலூர்பேட்டையில் ஒரு தம்பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 23. விற்பனைக்கூடத்தில் அப்பா நெல் மூட்டை போட்ட காசு, இவருடைய வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. நண்பர் சொன்னார் என்று ஒரு போக்கர் ஆப் இறக்குகிறார். முதல் நாள் 200 ரூபாய் போட்டு 650 ரூபாய் எடுக்கிறார். "நமக்கு இது வருது போல" என்று தோன்றுகிறது. அடுத்த வாரம் வரிசையாகத் தோல்வி. 500 போகிறது, 1,000 போகிறது. ராத்திரி 1 மணிக்கு, விதை நெல்லுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து 5,000 ரூபாயை ஆப்புக்கு மாற்றுகிறார்.

200 ரூபாய் போட்டபோது அவர் பொழுதுபோக்குக்கு ஆடினார். 5,000 ரூபாய் போட்டபோது அவர் ஆடியது, தோற்றதைத் திரும்ப எடுக்க. ஆபத்து இந்த மாற்றத்தில் இருக்கிறது.

தொடர் தோல்வி ஏன் வருகிறது?

முதல் காரணம் சாதாரணக் கணக்கு. போக்கரில் கிடைக்கும் இரண்டு சீட்டில் மிகச் சிறந்தது ஏஸ் ஜோடி. அது சராசரியாக 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். அப்படி வந்தும், எதிரில் இருப்பவரிடம் ராஜா ஜோடி இருந்தால், 100-க்குச் சுமார் 18 தடவை ஏஸ் ஜோடியே தோற்கும். சரியாக ஆடியும் தோற்பது இந்த ஆட்டத்தில் தினசரி நடப்பது. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலும், ஐந்து தடவை வரிசையாகத் தோற்க 32-ல் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு ராத்திரியில் நூறு கை ஆடுபவருக்கு இப்படி ஒரு வரிசை வருவதில் அதிசயம் இல்லை.

இரண்டாவது காரணம் கமிஷன். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில் நடத்துபவர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். 'ரேக்' என்று சொல்வார்கள். சம திறமை உள்ள நாலு பேர், ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் 400 ரூபாய் சேருகிறது, அதில் கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டத்துக்கு 20 ரூபாய். 100 ஆட்டம் முடியும்போது 2,000 ரூபாய் போயிருக்கும். நாலு பேரும் கொண்டுவந்த பணத்தில் பாதி காணோம். யாரும் ஏமாற்றவில்லை. அதன் மேல், ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்த நிகரத் தொகைக்கு 30 சதவீத வருமான வரியும் இருக்கிறது.

மூன்றாவது காரணம் எதிரில் இருப்பவர். புதிதாக வருபவர், பல வருஷம் ஆடியவர்களோடு ஒரே மேசையில் உட்காருகிறார். திரையில் அவர்கள் முகமும் தெரியாது, அனுபவமும் தெரியாது.

மனசு நம்மை எப்படி ஏமாற்றுகிறது?

"இவ்வளவு நேரம் தோத்தாச்சு, அடுத்தது வந்தே ஆகணும்." சீட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சுழல் சக்கரத்தில் 26 தடவை தொடர்ந்து கறுப்பே விழுந்தது. "இனி சிவப்புதான்" என்று ஒவ்வொரு தடவையும் பணத்தைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் பெரும் தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு முந்தைய சுற்று தெரியாது. உங்கள் போனில் கலைக்கப்படும் சீட்டுக்கும் தெரியாது.

அடுத்த ஏமாற்று, இரட்டிப்பாக்குவது. 100 ரூபாய் தோற்றால் 200, அதுவும் போனால் 400 என்று ஏற்றினால், ஒரு தடவை ஜெயித்தாலே எல்லாம் வந்துவிடும் என்பார்கள். ஏழு தடவை வரிசையாகத் தோற்றால் போயிருப்பது 12,700 ரூபாய். எட்டாவது தடவைக்கு 12,800 வைக்க வேண்டும். அது ஜெயித்தாலும் கடைசியில் லாபம் 100 ரூபாய்தான்.

மூன்றாவது, கோபம். தோற்ற சூட்டில் யோசிக்காமல் பணத்தைத் தூக்கி வைப்பதைப் போக்கர் ஆடுபவர்களே 'டில்ட்' என்கிறார்கள். பழகியவர்கள் இந்த நிலை வந்தால் எழுந்து போய்விட வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பார்கள். புதியவருக்கு இது தனக்கு வந்திருப்பதே தெரியாது. "இன்னைக்கு ராசி சரியில்ல" என்றுதான் நினைப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்லைன் ஆட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளைத் தொடர்ந்து, 2022-ல் தமிழ்நாடு அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அதன் பிறகு இயற்றப்பட்ட இணையவழி சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டு என்று சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அரசுக்கு இருப்பதை ஏற்றது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் வந்தன. 18 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. ஒரு மணி நேரம் தாண்டினால் எச்சரிக்கை, பிறகு 30 நிமிடத்துக்கு ஒரு தடவை எச்சரிக்கை. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் இவற்றை உறுதி செய்தது. தூக்கம் கெட்டு, தோற்ற சூட்டில் ஆடும் நேரத்தைத்தான் இந்த விதிகள் குறிவைத்தன.

பிறகு நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமை ஆட்டமோ வாய்ப்பு ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் எதையும் ஆன்லைனில் நடத்த அது தடை விதிக்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தில், இணையவழி சூதாட்டம் ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு.

சட்டம் வந்ததும் நாட்டின் பெரிய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆகவே, டெலிகிராமில் லிங்க் அனுப்பி, யாரோ ஒருவருடைய யுபிஐ எண்ணுக்குப் பணம் போடச் சொல்லும் ஆப்பைச் சந்தேகப்படுங்கள். அங்கே நீங்கள் ஜெயித்தாலும் பணம் கைக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தொடர்ந்து தோற்கும்போது என்ன செய்யலாம்?

1. போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போங்கள். 24 மணி நேரம் அந்த ஆப்பைத் திறப்பதில்லை என்று முடிவெடுங்கள். விட்டதைப் பிடிக்கணும் என்ற வேகம் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

2. மறுநாள் காலை வங்கிக் கணக்கு விவரத்தைப் பார்த்து, ஆப்புக்குப் போன தொகை எவ்வளவு, திரும்ப வந்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஜெயித்தது மட்டும் நம் ஞாபகத்தில் நிற்கும். தாளில் உண்மை தெரியும்.

3. போனது போனதுதான் என்று அந்தத் தொகையை ஏற்றுக்கொள்ளுங்கள். கஷ்டமான வேலை இதுதான். 5,000 போனதை 5,000-த்தோடு நிறுத்துவதே இப்போது உங்களால் முடிந்த லாபம்.

4. ஆப்பை நீக்குங்கள். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைப் பார்த்து, தெரியாத அனுமதிகளை ரத்து செய்யுங்கள். தினசரி யுபிஐ வரம்பைக் குறைக்கும் வசதி பல வங்கி ஆப்களில் இருக்கிறது. வீட்டுச் செலவுப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

5. தோற்றதை அடைக்கக் கடன் ஆப் பக்கம் போகாதீர்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால், ரிசர்வ் வங்கி விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்: கடன் ஆப் உங்கள் போன் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது, வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது.

6. வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். "அப்பா, தப்பு பண்ணிட்டேன், இவ்வளவு போச்சு" என்ற ஒரு வாக்கியம் போதும். மறைக்க வேண்டிய தொகை பெரிதாகப் பெரிதாக, அடுத்த ஆட்டத்துக்கான இழுப்பும் பெரிதாகும்.

ஆட்டம் பிடித்திருக்கிறது என்றால், காசு இல்லாமல் நண்பர்களோடு உட்கார்ந்து ஆடுங்கள். அதில் எத்தனை தடவை தோற்றாலும் விதை நெல் பத்திரமாக இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

திடீரென்று ராத்திரி கண் விழிப்பது, போனை மறைப்பது, சின்னத் தொகைக்கும் கடன் கேட்பது, சம்பளம் வந்த இரண்டாம் நாளே கை காலியாவது ஆகியவற்றைக் கவனியுங்கள். தெரிந்ததும் திட்டாதீர்கள், கடனை உடனே மொத்தமாக அடைத்தும் விடாதீர்கள். முதலில் மொத்தக் கணக்கைக் கேளுங்கள், ஆட்டம் நின்றதா என்று பாருங்கள், பிறகு அடைக்கும் வழியைச் சேர்ந்து பேசுங்கள். சூதாட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. இதற்குச் சிகிச்சை உண்டு.

உதவி எங்கே?

மனம் நொந்திருந்தால், தூக்கம் வரவில்லை என்றால், உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும், 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. நேரில் போக வேண்டும் என்றால், அவலூர்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் முண்டியம்பாக்கத்திலோ திருவண்ணாமலையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம்.

"ஜெயிச்ச பணத்தை எடுக்க முதல்ல வரி கட்டுங்க" என்று கேட்டாலோ, கணக்கிலிருந்து நீங்கள் அறியாமல் பணம் போனாலோ, அது மோசடி. தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். நீங்களே ஆடித் தோற்ற பணத்தை இந்த எண் மீட்டுத் தராது. "நாங்க மீட்டுத் தர்றோம்" என்று கட்டணம் கேட்டு வருபவரையும் நம்ப வேண்டாம். அது இரண்டாவது மோசடி.

திருவள்ளுவர் சூதுக்கென்று ஒரு முழு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தோல்வியைப் பற்றி மட்டும் அல்ல, அதில் வரும் வெற்றியைப் பற்றியும் அவர் எச்சரிக்கிறார். நம்ம எடுத்துக்காட்டுத் தம்பிக்கு முதல் நாள் கிடைத்த 450 ரூபாய் லாபம்தான் பின்னால் 5,000 ரூபாயை இழுத்தது. அடுத்த தடவை உங்கள் ஊரில் கூத்து நடந்தால், சூது துகில் ராத்திரி பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தருமர் எந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.