கழித்த ஜக்கார்டு அட்டையில் ஒரு பெட்டி

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால், தறிச் சத்தம் கேட்கும் வீட்டில் அனுமதி கேட்டு உள்ளே பாருங்கள். தறிக்கு மேல் ஓர் இயந்திரம் இருக்கும். துளையிட்ட அட்டைகள் நூலால் கோக்கப்பட்டு அதிலிருந்து மாலைபோலத் தொங்கும். அதுதான் ஜக்கார்டு. ஓரம் மழுங்கிய அட்டைகளையும், வழக்கொழிந்த டிசைன் அட்டைகளையும் நெசவாளர் கழித்துவிடுவார். மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளுக்கோ அட்டையே தேவையில்லை. அப்படிக் கழித்தவற்றைக் கொண்டு பேனா, பென்சில், கவராயம் வைக்க ஒரு பெட்டி செய்யலாம்.

ஆனால், "அண்ணே, இந்த அட்டை இனி வேண்டாம்தானே?" என்று கேட்காமல் கத்தரியை எடுக்காதீர்கள். டிசைனில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதனுடன் இணைந்த கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ள, கொக்கி எழாது. நடுவில் ஓர் அட்டை காணாமற்போனால் முந்தியில் மயிலின் கழுத்தே ஒடிந்ததுபோல் ஆகிவிடும்!

பிரான்சில் ஜக்கார்டு என்பவர் இம்முறையை 1804-இல் உருவாக்கினார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்களை ஹொலரித் துளை அட்டைகளைக் கொண்டே எண்ணினார். கணிப்பொறியின் முன்னோர்களில் தறியும் ஒன்று.

இனி வேலைக்கு வருவோம். ஒரு பங்கு மைதாவை ஆறு பங்கு தண்ணீரில் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகும். (புத்தகம் கட்டுபவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, நமக்கு வேண்டாம்.)

அட்டைகளைப் பக்கம் பக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் இரண்டாம் அடுக்கைக் குறுக்காக ஒட்டுங்கள். ஏன் குறுக்காக? அட்டையில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அந்தத் திசைக்கு இணையாக எளிதில் மடியும். ஒட்டுப்பலகையில் செய்வதுபோல அடுக்குகளைக் குறுக்கே வைத்தால் இரு திசையிலும் உறுதி கிடைக்கும். துளைகளும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று விழாது.

அடுத்து, பழுப்புத் தாளை இரு புறமும் ஒட்டுங்கள். ஒருபுறம் மட்டும் ஒட்டினால், ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி, பலகையைத் தன் பக்கம் இழுத்து அப்பளம்போல் வளைத்துவிடும். இருபுறமும் ஒட்டினால் இழுப்புகள் சமமாகும். கனமான புத்தகங்களை மேலே வைத்து நன்றாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் பெட்டி கோணிக்கொள்ளும்.

அடிப்பலகை 20 செ.மீ. × 12 செ.மீ.; நீளச் சுவர் இரண்டும் 20 × 6. குட்டைச் சுவர்கள் நீளச் சுவர்களுக்கு இடையே நிற்பதால், 12-லிருந்து பலகைத் தடிப்பை இருமுறை கழியுங்கள். தடிப்பு 3 மி.மீ. என்றால் 11.4 × 6. மூடி 20.5 × 12.5. மூலைகளில் பருத்தித் துணி நாடாவை ஒட்டுங்கள். மூடிக்குக் கீலும் அதுவே.

ஓர் அட்டையை மட்டும் வெட்டாமல் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். எட்டு இடங்கள் உள்ள ஒரு வரிசையில் துளை, துளையின்மை என்று 256 விதமாக அமைக்கலாம். பத்து இடங்கள் என்றால் எத்தனை?